ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்கும்போது கம்பெனி மாறுவது: ஹெச்ஆர் மிரட்டலைக் கண்டு பயப்பட வேண்டுமா?

இர்விங்வாசி:

வணக்கம் நண்பர்களே. டல்லாஸ் பக்கம் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் பல வருடமாக இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் 2014 நவம்பர், வேலைவாய்ப்புப் பிரிவு ஈபி2. யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் சொல்லும் விசா புல்லட்டினில், 2020 அக்டோபரில் இந்தியாவுக்கான ஈபி3 (ஈபி2க்கு அடுத்த பிரிவு) ஃபைலிங் தேதி, அதாவது 485 போடத் தகுதியான தேதி, 2015 ஜனவரி 1 வரை வந்தபோது, பலரையும் போல ஈபி3க்கு இறங்கி ஐ-485 போட்டோம். 2022ல் ஈபி2 தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்தது. மறுபடி ஈபி2க்கு மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பினோம். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அந்த ஆண்டின் ஈபி2 விசாக்கள் தீர்ந்துவிட்டன. அக்டோபரில் தேதி 2012 ஏப்ரலுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து காத்திருப்புதான்.

இப்போது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் ஐடி பிரிவிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் கூடுதல், க்ளையண்ட் க்ளையண்டாக அலைய வேண்டாம். பதவி இன்ஜினியரிங் மேனேஜர். என் பெர்மில் (கிரீன் கார்டுக்காக முதலாளி தொழிலாளர் துறையிடம் வாங்கும் லேபர் சர்டிஃபிகேட்) இருப்பதோ சாஃப்ட்வேர் டெவலப்பர். ஹெச்ஆரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். "நீங்கள் போனால் ஐ-140ஐ வாபஸ் வாங்குவோம், இத்தனை வருட வரிசையும் போய்விடும்" என்றார்கள். ஐ-140 என்பது கம்பெனி எனக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு. பெர்முக்கான வக்கீல் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.

நான் ஹெச்1பி வேலை விசாவில்தான் வேலை செய்கிறேன். 485 வழியாக வந்த ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது, பயன்படுத்தியதில்லை. மனைவி ஹெச்4 (ஹெச்1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) ஈஏடியில் வேலைக்குப் போகிறார். மகளுக்கு 17 வயது. ஆஃபருக்கு அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எடிசன்_பெரியவர்:

தம்பி, முதலில் ஹெச்ஆர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அதுதான் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறது.

இதில் 180 நாள் என்ற கணக்கு இரண்டு இடத்தில் வருகிறது. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கம்பெனிக்காரர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்காகிவிடுகிறது.

முதலாவது, ஐ-485 போட்ட நாளிலிருந்து 180 நாள். 2000 அக்டோபரில் கையெழுத்தான ஏசி21 சட்டம் தந்தது இது. வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடக் கூடாது என்றுதான் அந்தப் பிரிவையே வைத்தார்கள். 485 போட்டு 180 நாள் தாண்டியும் முடிவு வராவிட்டால், அதே தொழில் வகையிலோ அதை ஒத்த தொழில் வகையிலோ வேறு வேலைக்குப் போகலாம். புதிதாகப் பெர்ம் வேண்டாம், புதிதாக ஐ-140 வேண்டாம். ரசீதில் இருக்கும் ரிசீவ்டு தேதியிலிருந்து (விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள்) எண்ண வேண்டும், நோட்டீஸ் தேதியிலிருந்து அல்ல. லீவு நாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கணக்கில் சேரும்.

இரண்டாவது, ஐ-140 அப்ரூவ் ஆன நாளிலிருந்து 180 நாள். 2017 ஜனவரி 17ல் அமலுக்கு வந்த விதிமுறை இது. அந்த 180 நாள் கடந்துவிட்டால், பழைய முதலாளி வாபஸ் கடிதம் அனுப்பினாலும் ஐ-140 அதனாலேயே ரத்தாகாது. மோசடி, பொய்த் தகவல், குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸே செய்த பெரிய தவறு, லேபர் சர்டிஃபிகேட் செல்லாமல் போவது போன்ற காரணங்கள் இருந்தால்தான் ரத்து.

உங்கள் விஷயத்தில் இரண்டு 180ம் கடந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர்கள் வாபஸ் கடிதம் அனுப்பட்டும். அனுப்பினால் கூட உங்கள் 2014 நவம்பர் உங்களுடையதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தது நீங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டார் என்பதற்காக உங்கள் துண்டை யாரும் எடுத்து எறிய முடியாது.

பெர்ம் செலவைத் திருப்பிக் கேட்பது சட்டப்படியே தவறு. 2007 ஜூலையிலிருந்து பெர்முக்கான விளம்பரச் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாவற்றையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் முன்கூட்டியும் வாங்கக் கூடாது, பின்னால் பிடிக்கவும் கூடாது. ஐ-140, ஐ-485 கட்டணங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பழைய காகிதங்களை எடுத்துப் பாருங்கள். இந்த மாதிரி மிரட்டலைக் கேட்டு நல்ல வாய்ப்புகளை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனம் வலிக்கிறது.


ப்ளேனோ_குமரன்:

பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. நானும் 2020 அக்டோபர் கூட்டம்தான். மாறினேன், புதுக் கம்பெனி சப்ளிமெண்ட் ஜே (485க்காகப் புது வேலையை உறுதி செய்யும் படிவம்) போட்டது, ஏற்றுக்கொண்டார்கள். பழைய கம்பெனி வாபஸ் வாங்கியதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. தைரியமாகப் போங்கள்.


பெல்வியூ_மலர்:

ஒரு இமிக்ரேஷன் சட்ட அலுவலகத்தில் கேஸ் ஃபைல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். வக்கீல் அல்ல. இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தைரியமாகப் போகலாம்தான். ஆனால் இர்விங்வாசியின் கேள்வியில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஐ-140 அல்ல, அந்த மேனேஜர் பதவி. டெவலப்பர் வேலைக்கு ஸ்பான்சர் செய்யப்பட்டவர் மேனேஜராகப் போவது ஒத்த தொழிலா என்பதை அதிகாரி தன் முன்னால் இருக்கும் ஆதாரங்களை மொத்தமாக வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஒவ்வொரு தொழிலுக்கும் தொழிலாளர் துறை ஒரு எஸ்ஓசி எண் வைத்திருக்கிறது. சாஃப்ட்வேர் டெவலப்பர் இப்போது 15-1252. உங்கள் பெர்ம் காலத்தில் எண் வேறு, 15-1132 அல்லது 15-1133 ஆக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் அண்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜர் 11-3021. முதல் இரண்டு இலக்கமே வேறு என்று பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். எண் பொருந்தினால் வேலை சுலபம், பொருந்தாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. 2016 மார்ச்சில் யூஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. அனுபவம் கூடக் கூட ஒருவர் மேலே போவது இயல்பு. முன்பு தான் செய்த அதே வேலையைச் செய்கிறவர்களை மேற்பார்வை பார்க்கும் பதவி என்றால் அதை ஒத்த தொழிலாக ஏற்கலாம் என்பதே அதன் போக்கு. சம்பளம் கூடியதும் தானாகப் பாதகமாகாது. இத்தனை வருடம் கழித்து அதே சம்பளம் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே புது நிறுவனத்திடம் ஆஃபர் லெட்டர் மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். பணிகளை விவரித்து ஒரு தனிக் கடிதம் கேளுங்கள். எத்தனை டெவலப்பர்கள் உங்களுக்குக் கீழே, டிசைன் முடிவுகளை யார் எடுக்கிறார்கள், கோட் ரிவ்யூ செய்கிறீர்களா, வாரத்தில் எவ்வளவு நேரம் தொழில்நுட்ப வேலை, எவ்வளவு நேரம் ஆள் நிர்வாகம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெர்மில் எழுதியிருக்கும் பணி விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுத வேண்டும். இல்லாததை எழுதச் சொல்லவில்லை. இருப்பதை அதிகாரிக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்கிறேன். பட்ஜெட், வெண்டர் ஒப்பந்தம், ஆள் எடுப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால் நான் தயங்குவேன். அப்போது டெக்னிக்கல் லீட் மாதிரி ஒரு பதவி கிடைக்குமா என்று பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் பெர்ம் விண்ணப்பத்தின் நகல், அதாவது இடிஏ 9089 படிவம், உங்களிடம் இருக்கிறதா? இல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவதுதான்.


இர்விங்வாசி:

மலர், எடிசன் அண்ணா, மிக்க நன்றி. 9089 நகல் என்னிடம் இல்லை. ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ் நகல் இருக்கிறது, அதுவும் கெஞ்சி வாங்கியது. புதுப் பதவியில் எட்டு டெவலப்பர்கள் எனக்குக் கீழே. ஆர்க்கிடெக்சர் முடிவும் என்னுடையதே.


பெல்வியூ_மலர்:

எட்டு டெவலப்பர்கள், ஆர்க்கிடெக்சர் முடிவு உங்களுடையது என்றால் நல்ல அடித்தளம் இருக்கிறது.

நகலுக்கு வழி இருக்கிறது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், ஃபோயா என்பார்களே, யூஎஸ்சிஐஎஸ் தளத்திலேயே உங்கள் ஃபைலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரும்பாலும் வராது. ஐ-140 மனுவோடு லேபர் சர்டிஃபிகேட்டும் இணைத்துத்தானே அனுப்பியிருப்பார்கள், அதுவும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. சில பக்கங்களைக் கறுப்பு மை பூசி அனுப்பலாம். வேலை மாறும் எண்ணம் இல்லாதவர்களும் இதை இன்றே செய்து வைத்துக்கொள்வது நல்லது.


சான்ஹோசே_ராகவன்:

ஹெச்1பியைப் புதுக் கம்பெனிக்கு மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் எதற்கு? ஈஏடி கையில் இருக்கிறது, அதில் சேர்ந்துவிடுங்கள். புதுக் கம்பெனிக்கும் செலவில்லை, ஒரே நாளில் ஐ-9 (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் படிவம்) முடிந்துவிடும். மருத்துவமனைகள் பலவற்றுக்கு ஹெச்1பி என்றாலே தயக்கம். நான் வருடக்கணக்காக ஈஏடியில்தான் இருக்கிறேன், அட்வான்ஸ் பரோலில் (485 நிலுவையில் இருக்கும்போது வெளியே போய்த் திரும்பி வர அனுமதி) ஊருக்கும் போய் வருகிறேன். சென்னையில் விசா ஸ்டாம்பிங் தேதி தேடி அலையும் கவலை எனக்கில்லை.


எடிசன்_பெரியவர்:

ராகவன் சார், நீங்கள் சொன்ன வசதிகள் உண்மை. மூன்று வருடம் முன்பு கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது நிலைமை மாறிவிட்டது.

2025 அக்டோபர் 30 முதல் ஈஏடி புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு, பழைய 540 நாள் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. கார்டு முடிகிற நாளுக்குள் புதுக் கார்டு வரவில்லை என்றால் அன்று வேலையை நிறுத்த வேண்டியதுதான். 2023ல் ஐந்து வருடக் கார்டு கொடுத்தார்கள், 2025 டிசம்பரிலிருந்து அதையும் அதிகபட்சம் 18 மாதமாக்கிவிட்டார்கள். ஆக, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது பாதுகாப்பும் இல்லை. உங்களிடம் ஐந்து வருடக் கார்டு இருக்கலாம். இர்விங் தம்பியின் கார்டு எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஈஏடியில் வேலைக்குச் சேர்ந்தால் அவருடைய ஹெச்1பி நிலை போய்விடும், கூடவே மனைவியின் ஹெச்4ம் அதை நம்பியிருக்கும் ஹெச்4 ஈஏடியும் போய்விடும். அந்த அம்மாவுக்கும் 485 வழியாக வந்த ஈஏடி இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அன்றிலிருந்து மொத்தக் குடும்பமும் அந்த ஒரு 485ஐ மட்டுமே நம்பி நிற்கும். ஏதோ காரணத்தால் 485ஐ நிராகரித்துவிட்டால் இறங்கி நிற்க வேறு இடமில்லை. ஹெச்1பி இருந்தால் குறைந்தபட்சம் சட்டபூர்வமாக இங்கே இருந்துகொண்டே மறுபடி முயலலாம்.

திரும்பவும் ஹெச்1பிக்கு வரலாமே என்றால், புது ஆட்களுக்கான ஹெச்1பி லாட்டரியில் மறுபடி நிற்க வேண்டாம், வரலாம்தான். பொதுவாக வெளியே போய்த் தூதரகம் வழியாக வர வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் பிரகடனத்தின்படி தூதரகம் வழியாக வரும் புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும். எந்த மருத்துவமனை கட்டும்?


ப்ளேனோ_குமரன்:

அந்த 1,00,000 டாலர் இப்போது இவர் ட்ரான்ஸ்ஃபர் செய்தாலும் வருமா? என் நண்பர்கள் பலர் இதற்குப் பயந்தே நகராமல் இருக்கிறார்கள்.


பெல்வியூ_மலர்:

வராது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு, ஹெச்1பி நிலையைச் சரியாக வைத்திருந்து, கம்பெனி மாற்றத்தோடு தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்பவர்களுக்கு அது பொருந்தாது என்று 2025 அக்டோபர் 20 வழிகாட்டுதலில் யூஎஸ்சிஐஎஸ் சொல்லிவிட்டது. நிலை தவறியவர் என்று முடிவாகி நீட்டிப்பை மறுத்தால்தான் சிக்கல். ஆகவே பே ஸ்டப்களை (சம்பளச் சீட்டுகளை) ஒழுங்காக வைத்திருங்கள்.

இர்விங்வாசிக்கு ஹெச்1பியின் ஆறு வருட வரம்பு எப்போதோ முடிந்திருக்கும். ஐ-140 அப்ரூவ் ஆகி, பிரையாரிட்டி டேட் கரண்ட் ஆகாமல், அதாவது முறை வராமல், இருப்பதால் புதுக் கம்பெனி மூன்று வருடம் வரை கேட்கலாம். மனு போய்ச் சேர்ந்ததும் அங்கே வேலையைத் தொடங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அப்ரூவல் வந்தபின் பழைய வேலையை விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பிரீமியம் (கூடுதல் கட்டணத்தில் விரைவுப் பரிசீலனை) போட்டால் 15 வேலை நாளில் தெரிந்துவிடும்.

ராகவன் சார் சொன்ன அட்வான்ஸ் பரோல் பற்றி ஒரு வார்த்தை. ஹெச்1பி, ஹெச்4ல் இருப்பவர்கள் அதே விசாவில் போய் வந்தால் 485க்குப் பங்கமில்லை. ஈஏடிக்கு மாறியவர்கள் பரோல் கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் 485ஐக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஊரில் அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும்போது இதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது.


சான்ஹோசே_ராகவன்:

ஹெச்4 விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புதுக் கம்பெனி ஹெச்1பி போட மறுத்தால் ஆஃபரையே விடச் சொல்ல மாட்டேன். இருவருக்கும் கார்டில் நிறைய காலம் இருந்து, 485ல் எந்தச் சிக்கலும் இல்லை என்றால் ஈஏடியில் போவதும் சட்டபூர்வமான வழிதான். பயத்திலேயே வாழ்க்கையைக் கழிக்க முடியாது.


கேரி_சுந்தரி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் நார்த் கரோலினா. பிரையாரிட்டி டேட் 2022, ஐ-140 அப்ரூவ் ஆகி நான்கு மாதம். 485 போடும் நிலைக்கு வர இன்னும் எத்தனை வருடமோ. கம்பெனியில் லே ஆஃப் பேச்சு அடிபடுகிறது. ஹெச்1பி ஐந்தாவது வருடம். எனக்கும் இந்த 180 கணக்கு பொருந்துமா?


எடிசன்_பெரியவர்:

சுந்தரி அம்மா, உங்களுக்கு முதல் கணக்கு பொருந்தாது, 485 போட்டால்தான் அது. உங்களுக்கு இரண்டாவது கணக்குதான், அதுவும் இன்னும் முடியவில்லை. அதனால் உங்கள் இடம் வேறு, இர்விங் தம்பியின் இடம் வேறு. அவர் பெர்ம் இல்லாமல் மாறலாம். நீங்கள் மாறினால் புதுக் கம்பெனி பெர்மிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால் 2022 என்ற தேதி உங்களுடையது. 180 நாளுக்குள் கம்பெனி வாபஸ் வாங்கினால் கூடத் தேதி போகாது, புது ஐ-140ல் அதையே கேட்டு வாங்கலாம். 180 நாளுக்குள் வாபஸ் வாங்கினால் போவது வேறு ஒன்று. ஆறாவது வருடத்துக்குப் பிறகு ஹெச்1பி நீட்டிக்க அந்த ஐ-140ஐக் காட்ட முடியாது. உங்களுக்கு ஐந்தாவது வருடம் நடக்கிறது என்பதால் அது பெரிய விஷயம். முடிந்தால் இன்னும் இரண்டு மாதத்தைச் சமாளித்துவிடுங்கள். லே ஆஃப் வந்தே விட்டால், கடைசி வேலை நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஆவணம்) முடியும் வரை, எது முதலில் வருகிறதோ அது. பேச்சுவார்த்தையில் பணத்தைவிட, ஐ-140ஐ வாபஸ் வாங்க மாட்டோம் என்று எழுதிக் கேளுங்கள். பல கம்பெனிகள் கேட்டால் ஒப்புக்கொள்கின்றன. கேட்பதில்லை நாம்.

ஆண்டுக்கு 1,40,000 வேலைவாய்ப்பு கிரீன் கார்டு, ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1990ல் எழுதிய கணக்கில்தான் இன்னும் நிற்கிறோம். அதை மாற்றாதவரை, இந்த வரிசையில் நிற்கும் இளையவர்கள் சட்டம் தரும் சின்னச் சின்ன உரிமைகளையாவது முழுசாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.


கேரி_சுந்தரி:

தேதி போய்விடும் என்றே இதுநாள் வரை நினைத்திருந்தேன். ஐயா, மிகவும் நன்றி. எழுதிக் கேட்கிறேன்.


இர்விங்வாசி:

மகளைப் பற்றி ஒரு கேள்வி. அவளுக்கு 21 ஆகும்முன் கிரீன் கார்டு வராவிட்டால்? வேலை மாறுவதால் அவள் கணக்கு கெடுமா?


பெல்வியூ_மலர்:

485 போடும்போது அவளுக்குப் 12 வயது இருந்திருக்கும். 21 தாண்டிய பிள்ளைகள் பெற்றோரின் வரிசையில் சேர முடியாது. அந்த வயதைக் கணக்கிடும் விதியில், 2023 பிப்ரவரியில் ஃபைலிங் தேதியை வைத்து வயதை நிறுத்தலாம் என்று மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த நாளுக்கு முன்பே நிலுவையில் இருந்த 485களுக்கு 2023 விதியே தொடரும். உங்களுடையது 2020. அவள் பாதுகாப்பாக இருக்கிறாள், இந்த 485 உயிரோடு இருக்கும்வரை.

கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். ஏசி21 வழியாக மாறினால் 485 அப்படியே தொடர்கிறது, அவள் கணக்கும் தொடர்கிறது. ஒத்த தொழில் இல்லை என்று 485ஐ நிராகரித்துவிட்டால் மறுபடி போடும்போது அவள் வயது புது விதிப்படி எண்ணப்படும். உங்கள் வீட்டில் இந்த மாற்றத்தால் உண்மையில் பாதிக்கப்படக்கூடியவள் அவள்தான். பணிக் கடிதத்தைப் பற்றி நான் அவ்வளவு நீட்டி எழுதியது அதனால்தான். வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்.


இர்விங்வாசி:

புரிந்தது. புது நிறுவனத்திடம் பேசினேன். ஹெச்1பி ட்ரான்ஸ்ஃபர் போட ஒப்புக்கொண்டார்கள், பணிக் கடிதத்துக்கும் சரி என்றார்கள். ஃபோயா விண்ணப்பம் இன்று போட்டுவிட்டேன். சப்ளிமெண்ட் ஜேயைச் சேர்ந்ததும் போடுவதா, அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பதா?


எடிசன்_பெரியவர்:

இதில் வக்கீல்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். கேட்டால் கொடுத்தால் போதும் என்பார்கள் சிலர். என் எண்ணம், சேர்ந்ததும் போட்டுவிடுங்கள். பழைய கம்பெனி வாபஸ் கடிதம் அனுப்பும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது உங்கள் ஃபைலில் புது வேலை பதிவாகியிருந்தால், நிராகரிக்கப் போகிறோம் என்ற நோட்டீஸ் வரும் வாய்ப்பு குறையும்.


பெல்வியூ_மலர்:

நானும் அதே பக்கம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு பகுதியில் புது முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், ஒரு பகுதியில் நீங்கள்.

அதோடு வக்கீலைப் பதிவு செய்யும் ஜி-28 படிவத்தை மறக்காதீர்கள். உங்கள் 485ல் இப்போது பதிவாகியிருப்பது பழைய கம்பெனி அமர்த்திய வக்கீல். அதை மாற்றாவிட்டால் மெடிக்கல் (மருத்துவப் பரிசோதனை அறிக்கை) கேட்டோ வேறு ஆவணம் கேட்டோ வரும் ஆர்எஃப்இ நோட்டீஸ் அவர் அலுவலகத்துக்குத்தான் முதலில் போகும். நீங்கள் வேலையை விட்ட பிறகு அவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார் என்ற உறுதி கிடையாது. புது வக்கீலை வைத்து உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனியாக ஜி-28 போடச் சொல்லுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11ல் முகவரி மாற்றம், அதுவும் மூவருக்கும் தனித்தனியாக. 2020ல் கொடுத்த மெடிக்கல் காலாவதியாகியிருக்கும். இப்போதே எடுக்க வேண்டாம், கேட்டபின் எடுங்கள்.